தீனியில் கலந்த எண்ணெய்

விஜயராணியின் கையை ஒரு காலத்தில் சாரதாமணி கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். பொரிப்பு மிஷினில் முட்டை அடுக்க வேண்டுமென்றால் அவள்தான் வர வேண்டும். அவள் பஸ்ஸைத் தவறவிட்டாளா, முட்டைகள் காத்திருக்கும். அவளுக்குக் காய்ச்சலா, மிஷின் சும்மா கிடக்கும். மருதாசலம் ஒருமுறை, "நான் வேணா அடுக்கட்டுமா அம்மிணி?" என்று கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"நீங்க சும்மா உக்காந்திருந்தீங்கன்னாலே பெரிய உபகாரமுங்க" என்றாள் சாரதாமணி. கட்டின புருஷனை அடியோடு சாய்ப்பதானாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சாய்ப்பார்கள் நம் பக்கத்தில்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. திருப்பூர் நெருப்பெரிச்சலில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் மருதாசலம் நிட்டிங் மிஷின் போட்டுப் பனியன் துணி பின்னிக்கொண்டிருந்தவர். ஆர்டர் வற்றியது, மிஷின்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின, மகன் செந்தில்வேல் வேறொரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். சாரதாமணிதான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். நாட்டுக்கோழிகளை வாங்கி விட்டாள், முட்டை பொரிக்க மிஷின் வாங்கினாள், வெள்ளகோவில் வரைக்கும் குஞ்சுக்கு ஆள் பிடித்தாள். மருதாசலத்துக்கென்று அவள் விட்டுவைத்தது ஒரே வேலை. முட்டையிடும் தாய்க்கோழிகளுக்குத் தீனி கலக்குவது. மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விஜயராணி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். புருஷன் கல்யாணமான வருஷமே விட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணன் சுடலை பனியன் கம்பெனியில் டெய்லர். வேலம்பாளையத்தில் அவன் குடியிருந்த ஒற்றை அறையில் இவளும் ஒண்டிக்கொண்டாள். கோழிக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கத்தான் சாரதாமணியிடம் வந்தாள். சாரதாமணி தன் கையால் அடுக்கிய முதல் ஈட்டு முட்டையில் பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போயிற்று. அடுத்த ஈட்டை விஜயராணி அடுக்கினாள். அம்மாடி! தட்டுத் தட்டாகக் குஞ்சு. விடுவாளா சாரதாமணி? "ராசியான கை கண்ணு உன்றது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டு விஜயகுமாரி தன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது விஜயராணியைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். புருஷன் விட்டுப்போனவளை நல்ல காரியத்துக்கு அழைப்பார்களா என்ன? அழைத்தார்கள். விஜயராணி அன்றைக்குத் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, யாராவது பாதியில் 'நீ வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தபடியே தீக்குச்சியைக் கிழித்தாள். மருதாசலம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெண்ணின் முகம் அவருக்குப் பிடித்திருந்தது. பெற்ற மகள் மாதிரி நினைத்தார். நினைத்து என்ன புண்ணியம்?

தாய்க்கோழித் தீனியில் கொஞ்சம் தவிட்டெண்ணெய் கலப்பது சாரதாமணியின் வழக்கம். கருவுக்குக் கொழுப்பு வேண்டும் என்று தீனிக் கடையில் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் அவள் ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது எண்ணெய் டின் காலியாகிவிட்டது. கடைக்குப் போக மருதாசலத்துக்குச் சோம்பல். மூலையில், நிட்டிங் மிஷின்கள் போன பிறகும் போகாமல் நின்ற நீடில் ஆயில் கேன்கள் கண்ணில் பட்டன. மிஷின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய். தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனை கிடையாது. வெள்ளைப் பனியன் துணியில் பட்டாலும் அலசினால் போய்விடும், கறை நிற்காது. வாழ்நாளெல்லாம் அதில் கையை நனைத்தவருக்கு அதைவிடச் சுத்தமான எண்ணெய் உலகத்தில் உண்டென்று தோன்றவில்லை. வெள்ளைத் துணிக்கே கெடுதல் பண்ணாதது கோழிக்கு என்ன பண்ணிவிடும் என்று எடுத்து ஊற்றிவிட்டார்.

திருப்பூர்க்காரர் தவிர வேறு எவருக்கும் இப்படி ஒரு யோசனை வராது.

தீனி அன்றைக்குத் தூசி பறக்காமல் பொலபொலவென்று வந்தது. கல்யாணத்திலிருந்து திரும்பிய சாரதாமணி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்களே, நல்லாக் கலந்திருக்கறீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! மருதாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனிமே எண்ணெய் சமாச்சாரத்தை நான் பாத்துக்கறேன், நீ வாங்க வேண்டாம்" என்றார். பார்த்துக்கொண்டார். கேன் கேனாக.

கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்றன, கொக்கரித்தன, முட்டையிட்டன. முட்டைக்குள்தான் ஆனது. முதலில் சில குஞ்சுகள் ஓட்டைக் கொத்த முடியாமல் உள்ளேயே செத்தன. அடுத்த ஈட்டில் இன்னும் கூடுதல். அதற்கடுத்த ஈட்டில் மிஷின் கதவைத் திறந்தபோது சத்தமே இல்லை. வெளியே வந்திருந்த கொஞ்சமும் வயிறு உப்பி, தொப்புள் மூடாமல், காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. விஜயராணி செத்த முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

சாரதாமணி மிஷினைச் சந்தேகப்பட்டாள், கரண்டைச் சந்தேகப்பட்டாள். மெக்கானிக் வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். அப்புறம் அவள் பார்வை மெல்ல விஜயராணியின் கைப்பக்கம் திரும்பியது. ராசி என்று தூக்கிவைத்தாயிற்று; அதே ராசி என்று இறக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"கட்டுனவனே நிக்கலை. இவ கையில கரு எப்புடீங்க நிக்கும்?" என்றாள் ஒருநாள், விஜயகுமாரியிடம் சொல்கிற சாக்கில். விஜயராணி வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்றுதான் சொன்னது. கேட்டது. தட்டு கழுவுகிற சத்தம் சட்டென்று நின்று, கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டது.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டாள். அதுவும் மரியாதையாகத்தான். "உங்கண்ணன் சம்சாரம் வாயும் வயிறுமா இருக்குதில்ல, நீ ஊட்டுல இருந்து ஒத்தாசை பண்ணு கண்ணு" என்று சொல்லி அனுப்பினாள். அப்புறம் விஜயகுமாரியின் புது வீட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதற்கும் அடுப்புப் பற்றவைத்த கைதான் காரணம் என்று ஆயிற்று. என்னத்தைச் சொல்ல!

பொரிக்காத முட்டைகளை ஒரு தட்டில் வைத்து, கால்நடை டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்படி சாரதாமணி மருதாசலத்தை அனுப்பினாள். டாக்டர் யாழினி சின்னப் பெண். ஒரு முட்டையை உடைத்து, முழுதாக வளர்ந்து செத்திருந்த குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

"மஞ்சக்கரு அப்படியே வெளிய நிக்குது பாருங்க. முட்டைக்குள்ள குஞ்சு வளர்றதே இந்தக் கருவுல இருக்கற கொழுப்பை எரிச்சுத்தாங்க. தாய்க்கோழி தின்ன தீனியில இருந்து வர்ற கொழுப்பு, விட்டமினும் அதுலதான் கரைஞ்சிருக்கும். பொரிக்கறதுக்கு முந்தி மிச்சக் கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கும். வெளிய வந்து முதல் ரெண்டு மூணு நாளைக்கு அதுதான் கட்டுச்சோறு. இதுக்கு இழுக்கவே தெம்பில்லை. தீனியில என்ன எண்ணெய் கலக்கறீங்க?"

"தவிட்டெண்ணெய்ங்க" என்றார் மருதாசலம். பிறகு, "ஏனுங்க டாக்டரம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். தெரியாம மிஷின் எண்ணெய் கிண்ணெய் கலந்துட்டா என்னாகுமுங்க?" என்றார்.

"அது பூமிக்கடியில எடுக்கற எண்ணெய் வகைங்க. குடல்ல செரிக்காது. கொழுப்புல கரையற விட்டமினை எல்லாம் தன்னோட இழுத்துக்கிட்டு வெளிய போயிரும். கோழி பாக்க நல்லா இருக்கும். முட்டையில சத்து இருக்காது, கரு தாங்காது. ஏன், எதாவது விழுந்துதா?"

"இல்லீங்க, இல்லீங்க."

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து சாரதாமணியிடம் சொல்லியிருக்கலாம். வரும் வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் டிவிஎஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் அவளைப் பார்த்ததும் முட்டைத் தட்டை இறக்கிவைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். இருக்கிற ஒரே வேலையையும் பிடுங்கிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே என்ற பயம். "சத்துக் கொறைவுன்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே மிச்சமிருந்த கேன்களை ஒரு நிட்டிங் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தவிட்டெண்ணெயும் விட்டமின் பொடியும் வாங்கி வந்தார். எண்ணெய் மாறினால் குஞ்சு சரியாகிவிடும். குஞ்சு சரியாகிவிட்டால் விஜயராணி கையில் குற்றமில்லை என்று தானாகத் தெரிந்துவிடும். சாரதாமணியே அவளைத் திரும்பக் கூப்பிடுவாள். மனுஷன் போட்ட கணக்கு இது. மண்டையில் மசாலா இருக்கிறவன் போடுகிற கணக்கா?

கோழிகள் தேறுவதற்குச் சில வாரங்கள் பிடித்தன. அடுத்த பெரிய ஈட்டை அடுக்கும் நேரம் வந்தபோது, "விஜயராணியவே வரச் சொல்லலாமே" என்று மெல்ல இழுத்தார்.

"உங்களுக்கென்னங்க அந்தப் புள்ள மேல அத்தனை கரிசனம்?" என்றாள் சாரதாமணி. ஒரு மாதிரியான கேள்வி. மருதாசலம் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு தீனி கலக்கப் போய்விட்டார். மருமகள் வினிதா குளித்துவிட்டு வந்து முட்டை அடுக்கினாள்.

மொத்தமும் பொரித்தது. கதவைத் திறந்ததும் கொட்டகை முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். தொப்புள் மூடி, கண் மினுங்கி, நின்ற இடத்தில் நிற்காத குஞ்சுகள். சாரதாமணி மிஷினுக்குச் சூடம் காட்டி, "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வினிதாவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா? கை மாறுச்சு, எல்லாம் சரியாப் போச்சு. அந்தப் புள்ள கைதாங்க அத்தனையும் கொன்னது. நான் சொன்னப்ப நம்பலியே!"

அதுவரை சந்தேகமாக இருந்ததை மருதாசலமே நிரூபித்துக் கொடுத்துவிட்டார். ஊமையாக இருந்து எண்ணெயை மாற்றி, அந்தப் பெண்ணின் தலையில் பழியை ஆணி அடித்து இறக்கிவிட்டார்.

சுடலைக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போகிறேன் என்று பழம் வாங்கிக்கொண்டு மருதாசலம் வேலம்பாளையம் போனார். ஒன்றையொன்று ஒட்டிய அறைகள். ஒன்றில் இந்திப் பேச்சு, ஒன்றில் டிவி. சுடலையின் அறை வாசலில் விஜயராணி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே சேலைத் தொட்டில். அதில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் தொட்டிலில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, வாசலில் இருந்தபடியே இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி."

"கொழந்தை இந்த அழுகை அழுகுது. தூக்கலாமில்ல கண்ணு?"

"மதினி குளிக்கப் போயிருக்கா. இப்ப வந்திருவா" என்றாள். கயிற்றை இன்னும் வேகமாக இழுத்தாள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியது. மருதாசலம் அவளையே பார்த்தார். அவள் கண் நிறைந்துவிட்டது.

"மதினி தூக்கத்தான் சொல்லுதா. அண்ணனும் ஏசுதான். எனக்குத்தான் பயமா இருக்கு. அத்தன முட்டையும் எங் கை பட்டுத்தான செத்துச்சு? நான் உடைச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. உள்ள முழுக் குஞ்சு, இறக்கை எல்லாம் வந்து, தூங்குத மாதிரி கெடந்துச்சு. இப்ப வினிதாக்கா அடுக்கி எல்லாம் பொரிச்சிட்டாமே. சொன்னாவ."

மருதாசலத்துக்குத் தாங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நீடில் ஆயில், டாக்டர், கேன்களைத் தூக்கிக் கொடுத்தது என்று எல்லாவற்றையும் கொட்டினார். "உன்ற கை இல்ல கண்ணு. நாந்தான். நான் கலந்த எண்ணெய்தான்."

விஜயராணி கேட்டாள். கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க நல்லவிய அண்ணாச்சி. எம் மனசு ஆறணும்னு சொல்லுதிய."

"முருகன் மேல சத்தியமா கண்ணு!"

"அப்ப அக்காகிட்ட ஏன் சொல்லல?"

மருதாசலம் வாங்கி வந்த பழப் பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அக்கா என் காதுபடச் சொன்னாவ. அவிய வாயால இல்லன்னு சொன்னாத்தான் எனக்கு நம்ப முடியும். நீங்க சொன்னா, பாவம் பாத்துச் சொல்லுதியன்னுதான் தோணுது. கோவிச்சுக்கிடாதிய." அதற்குள் குழந்தையின் தாய் ஈரத்தலையோடு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். விஜயராணி கயிற்றை விட்டுவிட்டு நகர்ந்து வழி கொடுத்தாள்.

மருதாசலம் வீடு திரும்பியபோது வாசலில் ஆள் இருந்தது. வெள்ளகோவில் ஆத்தப்பன் குஞ்சு வாங்க வந்திருந்தார். பக்கத்து வீட்டு விஜயகுமாரி வேடிக்கை பார்த்தாள். வினிதா அட்டைப்பெட்டியில் குஞ்சுகளை எடுத்து விட, சாரதாமணி கைராசிக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விட்டுப்போட்டுப் போனவ கைங்க அது, எப்புடி..."

"சாரதா, போதும்" என்றார் மருதாசலம். வண்டியை நிறுத்தக்கூட இல்லை. காலை ஊன்றிக்கொண்டு நின்றபடியே சொன்னார். "அந்தப் புள்ள கை ஒண்ணும் பண்ணலை. நான் தீனியில நீடில் ஆயிலைக் கலந்துட்டேன். குஞ்சு செத்தது அதுலதான். எண்ணெயை மாத்துனேன், சரியாப் போச்சு."

ஆத்தப்பன் சிரித்தார். "ஏனுங்க மாப்ள, கோழிக்கு நிட்டிங் ஓட்டுனீங்களா?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. சாரதாமணி, "என்ன ஒளர்றீங்க?" என்றாள். ஆனால் கொட்டகை மூலையில் கேன்கள் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் புருஷனோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கு அவர் பொய் சொல்லும் முகமும் தெரியும், மெய் சொல்லும் முகமும் தெரியும்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"டாக்டரம்மாகிட்டப் போன அன்னிக்கே."

அவள் கையிலிருந்த குஞ்சைப் பெட்டியில் விட்டாள். அவள் கத்தப்போகிறாள் என்று மருதாசலம் தோளைக் குறுக்கிக்கொண்டார். கத்தவில்லை. குரல் உடைந்துதான் வந்தது.

"எண்ணெயக் கலந்ததை விடுங்க. தெரியாமக் கலந்தீங்க. அதுக்கப்பறம் எத்தனை நாளு நான் அந்தப் புள்ளைய வாயில போட்டு மென்னேன்? நீங்க பக்கத்துல உக்காந்து ரசம் ஊத்திச் சோறு தின்னீங்களே. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, வாயை மூடு சாரதான்னு சொல்ல முடியலீங்களா? இத்தனை பாவத்தை என்ற தலையில ஏத்திவுட்டுட்டீங்களே!"

விஜயகுமாரி மெதுவாக நழுவினாள். சாரதாமணி முகத்தைக் கழுவினாள், சேலையை மாற்றவில்லை, மருமகளின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மருதாசலம் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே போனார். அவள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலம்பாளையத்தில் அந்த அறை வாசலில் போய் நின்று, அக்கம்பக்கம் எல்லோரும் எட்டிப் பார்க்க, சாரதாமணி சொன்னாள்: "எண்ணெய்தான் கண்ணு. அவுரு சொன்னது நெசம். உன்ற கைமேல ஒரு தப்பும் இல்ல. என்ற நாக்குதான் அழுகோணும்."

விஜயராணி எழுந்து நின்றாள். சாரதாமணியின் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. பிறகு உள்ளே போய், தொட்டிலில் குனிந்து, குழந்தையை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். அது தூக்கத்தில் அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. அவ்வளவுதான். அவள் ஓவென்று அழுதுவிட்டாள். மதினிக்காரி அவள் முதுகைத் தடவினாள். சாரதாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மருதாசலத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "என்கிட்டயும் சித்தெக் குடு கண்ணு" என்று கையை நீட்டினார்.

"நீங்க தொடாதீங்க" என்றாள் சாரதாமணி. "கொன்ன கை அது."

மருதாசலத்தின் கை நீட்டியபடியே அந்தரத்தில் நின்றது. அப்புறம் தானாகக் கீழே இறங்கியது.

விஜயராணி குழந்தையை அணைத்தபடி அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்தாள். அழுகை இன்னும் நிற்கவில்லை. "வேண்டாங்கா. அந்த வார்த்தைய யாரையும் சொல்லாதிய. கேக்கவியளுக்குத்தான் தெரியும்" என்றாள். குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். "பிடிங்க அண்ணாச்சி. ஒண்ணும் ஆகாது. பிடிங்க."

மருதாசலம் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அவள் குழந்தையை நீட்டிக்கொண்டே நின்றாள். அவருக்குக் கை முன்னால் வரவில்லை.